ஒளியும் ஒரு மருந்து

தோலில் வெண்புள்ளி கண்டவர்க்குக் கார்போகரிசி என்னும் விதையை அரைத்துப் பூசி, இளவெயிலில் சிறிது நேரம் இருக்கச் செய்வது தமிழ் வைத்தியர்களின் நெடுநாளைய வழக்கம். விதையைப் பூசிக்கொண்டு இருட்டறையில் அமர்ந்தால் பயனில்லை. வெறும் வெயிலில் நின்றாலும் போதிய பயனில்லை. இரண்டும் ஒருங்கே கூடியபோதுதான் வெளிறிய தோல் மெல்ல நிறம் பெறத் தொடங்கும். அவ்விதையிலே சோரலென் என்னும் பொருள் இருக்கின்றது என்பதையும், ஒளி பட்டபோதே அது தொழிற்படுகின்றது என்பதையும் இருபதாம் நூற்றாண்டின் இரசாயன ஆராய்ச்சி தெளிவுபடுத்தியது. மருந்தும் ஒளியும் சந்திக்கும் இடத்தில் மட்டும் விளைவு நிகழ்தல் என்னும் இந்த எளிய கருத்தே, வேறொரு வழியாக வளர்ந்து, ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய் ஒன்றுக்குச் சிகிச்சையாக வந்து நிற்கின்றது. அந்த வரலாறும், அச்சிகிச்சையைச் சுற்றி எழுந்த வழக்கும் அறியத்தக்கவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மனியின் மியூனிக் நகரிலே ஒஸ்கார் ராப் என்ற வைத்திய மாணவர் ஒருவர், பேராசிரியர் ஹேர்மன் பொன் தப்பைனரின் ஆய்வுகூடத்தில் பணியாற்றி வந்தார். அக்கிரிடின் என்னும் சாயப்பொருள் நீரில் வாழும் பரமேசியம் என்ற நுண்ணுயிரை எவ்வளவு நேரத்தில் கொல்லும் என்று அளப்பது அவருடைய வேலை. ஒரே அளவு சாயம், ஒரே வகை உயிர். ஆயினும் ஒரு நாள் அவை விரைவில் மடிந்தன, மற்றொரு நாள் நெடுநேரம் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தன. அளவிலே பிழையென்று ஒதுக்கிவிடக்கூடிய வேறுபாடுதான். ராப் அதை ஒதுக்கவில்லை. உயிர்கள் பிழைத்திருந்த நாளில் இடியும் மின்னலுமாக வானம் இருண்டு கிடந்ததை அவர் நினைவுகூர்ந்தார். சாயத்தையும் ஒளியையும் தனித்தனியே வைத்துச் சோதித்தபோது, சாயத்துக்குக் கொல்லும் ஆற்றலைத் தந்தது சாளரத்தின் வழியே வந்த பகலொளியே என்பது வெளிப்பட்டது. இம்முடிவு 1900ஆம் ஆண்டிலே அச்சேறியது.

தப்பைனர் இதனை மேலும் தொடர்ந்தார். 1903ஆம் ஆண்டில், யெசியோனெக் என்னும் தோல்நோய் வைத்தியருடன் சேர்ந்து, இயோசின் என்ற சாயத்தைத் தோற் புற்றுகளில் தடவி ஒளி பாய்ச்சிப் பார்த்தார். ஒட்சிசன் இல்லாத இடத்தில் இவ்விளைவு நிகழ்வதில்லை என்பதும் அவருடைய குழுவினரால் நிறுவப்பட்டது. சாயம், ஒளி, ஒட்சிசன் ஆகிய மூன்றும் கூடவேண்டும். ஒன்று குறைந்தாலும் காரியம் நடவாது. அதே 1903ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு நீல்ஸ் பின்சன், தோலிற் பற்றும் காசநோயை ஒளியால் குணப்படுத்தியமைக்காக நோபல் பரிசு பெற்றார் என்பது பலர் அறிந்தது. ஆனால் பின்சன் வெளியிலிருந்து சாயம் எதனையும் சேர்க்கவில்லை. எனவே அவர் வழி வேறு, இவ்வழி வேறு.

வைத்திய வரலாற்றில் தம்மையே சோதனைப் பொருளாக்கிய துணிவாளர் சிலர் உளர். அவருள் ஒருவர் பிரெட்ரிக் மையர்-பெற்ஸ். குருதியின் செந்நிறப் பொருளிலிருந்து பெறப்படும் ஹேமற்றோபோபிரின் என்னும் பொருளில் 200 மில்லிகிராமை 1912ஆம் ஆண்டு தமது நாளத்தினுள் ஏற்றிக்கொண்டார். பின்பு வெயிலிற் சென்றார். ஒளி பட்ட முகமும் கைகளும் அடையாளம் தெரியாதபடி வீங்கின. அந்தக் கூச்சம் இரண்டு மாதங்களுக்கு மேலும் அவரை விட்டு நீங்கவில்லை. இந்த நிகழ்ச்சி பிற்காலத்தவர்க்கு ஓர் எச்சரிக்கையாக அமைந்தது. மருந்து உடலில் தங்கியிருக்கும் காலம் முழுவதும் நோயாளி பகலொளிக்கு அஞ்சி வாழவேண்டும்.

அதன்பின் பல ஆண்டுகள் இத்துறை ஏறத்தாழ உறங்கிக் கிடந்தது. 1970களில் அமெரிக்காவின் பபலோ நகரிலுள்ள ரொஸ்வெல் பார்க் நிலையத்தில் தோமஸ் டோர்ட்டி என்பவர் அதனை எழுப்பினார். 1978இல் அவர் வெளியிட்ட அறிக்கையில் 25 நோயாளரின் தோலிலும் தோலடியிலும் இருந்த 113 கட்டிகள் கணக்கிடப்பட்டன. அவற்றுள் 98 முற்றாக மறைந்தன. 13 ஓரளவு சுருங்கின. இரண்டே இரண்டு அசையாது நின்றன. இவருடைய முயற்சியின் பயனாக உருவான போட்டோபிரின் என்னும் மருந்தைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குக் கனடா 1993இலும், உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அமெரிக்கா 1995இலும் அங்கீகரித்தன. தோல், சிறுநீர்ப்பை, உணவுக்குழாய் ஆகிய இவையெல்லாம் விளக்கைக் கொண்டுசென்று நேரே காட்டக்கூடிய இடங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். உடலின் உட்புறத்தே புதைந்து கிடக்கும் உறுப்புக்கு ஒளியை எவ்வாறு எடுத்துச் செல்வது?

அத்தகைய உறுப்புத்தான் புரோஸ்டேட் சுரப்பி. சிறுநீர்ப்பையின் அடியில், சிறுநீர் வெளிவரும் குழாயைச் சுற்றி, ஒரு பெரிய பாக்கின் அளவில் அமைந்த இச்சுரப்பி ஆண்களுக்கு மட்டுமே உரியது. அதன் பின்புறத்தை ஒட்டி மலக்குடல் இருக்கின்றது. இரு பக்கங்களிலும் ஆண்மைக்கு இன்றியமையாத நரம்புகள் மயிரிழைபோல் ஓடுகின்றன. கீழே சிறுநீரை அடக்கிவைக்கும் தசைவளையம். இவ்வளவு நெருக்கத்தில் அமைந்த உறுப்பைக் கத்தியால் முற்றாக அகற்றினாலும், கதிர்ச் சிகிச்சையாற் சுட்டாலும் அயலிலுள்ளவை ஊறுபடும் அபாயம் உண்டு. நோய் நீங்கியும் சிறுநீரை அடக்கமாட்டாமல் துணி வைத்துக்கொள்ள நேர்ந்தவர்களும், இல்லற இன்பத்தை இழந்தவர்களும் பலர். வெளியே சொல்லக் கூசி, வைத்தியரிடமும் மறைத்து, தனிமையில் வருந்துவோர் தொகை எவ்வளவு என்பதை யார் கணக்கிட்டார்?

இந்த இழப்பு உயிரைக் காக்கும் விலையாயின் அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். சிக்கல் என்னவெனில், புரோஸ்டேட் புற்றுநோய்கள் எல்லாம் ஒரே இயல்பின அல்ல. சில விரைந்து பரவி எலும்பைப் பற்றிக்கொள்கின்றன. வேறு பலவோ ஆமை வேகத்தில் ஊர்ந்து, மனிதன் முதுமையடைந்து வேறொரு காரணத்தால் இறக்கும்வரை ஒரு தொல்லையும் தராமலே இருந்துவிடுகின்றன. பி.எஸ்.ஏ. என்னும் குருதிச் சோதனை 1980களின் பிற்பகுதியிலிருந்து பரவியபின், இத்தகைய சோம்பல் நோய்கள் ஆயிரக்கணக்கில் வெளிச்சத்துக்கு வந்தன. பிரித்தானியாவிலே 1,643 ஆண்களைச் சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை, கண்காணிப்பு என மூன்று பிரிவாக வகுத்து நடத்திய ஆராய்ச்சியின் பதினைந்தாண்டு முடிவு 2023இல் வெளியாயிற்று. அத்தனை பேருள்ளும் இந்நோயால் இறந்தவர்கள் 45 பேரே. எந்தப் பிரிவில் இருந்தார் என்பதால் அந்த இறப்பு விகிதம் குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை. ஆயினும் நோய் உடலில் வேறிடங்களுக்குப் பரவியது கண்காணிப்புப் பிரிவிலே நூற்றுக்கு ஒன்பது பேருக்கும், மற்றைய பிரிவுகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் ஆயிற்று. கண்காணிப்பில் தொடங்கியவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் பதினைந்தாண்டுக்குள் ஏதோவொரு சிகிச்சைக்குச் சென்றனர்.

புற்றுநோய் என்று எழுதிய தாளைக் கையில் வாங்கிக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் வீட்டுக்குப் போய் ஆறு மாதத்துக்கொருமுறை வாருங்கள் என்று சொல்லப்படும் மனிதரின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். அறிவு அதனை ஒப்புக்கொள்ளும். இரவில் உறக்கம் ஒப்புக்கொள்ளாது. மனைவி கேட்பார், பிள்ளைகள் கேட்பார்கள், ஏன் அதை எடுத்துவிடவில்லை என்று அயலவரும் கேட்பர். முழுச் சுரப்பியையும் இழப்பதற்கும் வெறுமே காத்திருப்பதற்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டா என்ற வேட்கை இங்கேதான் பிறந்தது. நோயுள்ள பகுதியை மட்டும் அழித்து எஞ்சியதை அப்படியே விட்டுவிடலாகாதா? ஒளியை நாடியவர்கள் இக்கேள்வியோடுதான் வந்தார்கள்.

சுவீடன் நாட்டு வைத்தியர் 1990ஆம் ஆண்டில் இரண்டு நோயாளருக்கு இம்முறையைக் கையாண்டு முதல் அறிக்கையை வெளியிட்டனர். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்தோர் வேறொரு மருந்தைக் கொண்டு, கதிர்ச் சிகிச்சைக்குப் பின்னும் நோய் மீண்டவர்களிடத்தே முயன்றனர். கட்டியின் பகுதி அழிந்தமை உண்மையே. ஆனால் அம்மருந்துகள் உடலில் நெடுநாள் தங்கின. நோயாளி வாரக்கணக்கில் திரைபோட்ட அறையில் வாழவேண்டியிருந்தது. அன்றியும் அவற்றை இயக்கும் செவ்வொளி தசையினுள் சில மில்லிமீற்றர் தூரமே நன்கு பாயும். குருதி அவ்வொளியை விழுங்கிவிடுகின்றது.

இவ்விரு குறைகளுக்கும் விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. இஸ்ரவேலின் ரெகோவோத் நகரிலுள்ள வைஸ்மன் விஞ்ஞான நிலையத்தில் அவிக்டோர் ஷேர்ஸ் என்பவர் தாவரங்களின் பச்சையத்தை ஆராய்பவர். மருந்துக்கும் அவருக்கும் தொடக்கத்தில் தொடர்பில்லை. பச்சையத்தின் தொழிலே ஒளியைப் பிடித்து அதன் சக்தியை வேறொன்றுக்குக் கையளிப்பதுதான். வெளிச்சம் குறைந்த நீரடியில் வாழும் சில பற்றீரியாக்களும் தமக்கென ஒருவகைப் பச்சையம் வைத்திருக்கின்றன. மேலேயுள்ள செடிகொடிகள் உண்டு மிஞ்சிய ஒளி, அதாவது கண்ணுக்குப் புலனாகும் செந்நிறத்தின் எல்லையை அடுத்துள்ள ஒளிதான், அவற்றுக்கு உணவு. அந்த ஒளியோ மனிதத் தசையினுள் ஏனையவற்றிலும் ஆழமாகச் செல்லக்கூடியது. ஷேர்ஸ் தம் நிலையத்தைச் சேர்ந்த யோராம் சலமோன் என்பவருடன் கூடி, இப்பற்றீரியப் பச்சையத்தைத் திருத்தி நீரிற் கரையும் மருந்தாக்கினார். பாடெலிபோபின் என்பது அதன் பெயர். தூக்காட் என்பது வணிகப் பெயர். குளத்தடிச் சேற்றில் ஒதுங்கி வாழும் உயிரின் பிழைப்புச் சாதனம், மனிதனின் உடலாழத்தில் ஒளியை வேலை வாங்கும் கருவியாயிற்று.

சிகிச்சை நடைபெறும் விதம் இது. நோயாளி முழுமயக்கத்தில் ஆழ்த்தப்படுகின்றார். கேளா ஒலிக் கருவியின் படத்தைப் பார்த்துக்கொண்டே, இரு தொடைகளின் நடுவிலுள்ள தோலின் வழியே ஒளி ஊடுருவும் மெல்லிய குழல்கள் சுரப்பியினுள் செலுத்தப்படுகின்றன. அக்குழல்களினுள்ளே ஒளிநார்கள் இருக்கும். ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு 4 மில்லிகிராம் வீதம் மருந்து நாளத்தில் ஏற்றப்படுகின்றது. அதற்குப் பத்து நிமிடம் போதும். உடனே 753 நனோமீற்றர் அலைநீளமுள்ள இலேசர் ஒளி பாய்ச்சப்படுகின்றது. 22 நிமிடமும் 15 விநாடியும் கழிந்ததும் விளக்கு அணைக்கப்படும். முன்னைய மருந்துகளைப் போலன்றி இது குருதியோட்டத்தை விட்டு வெளியேறித் தசைகளிற் படிவதில்லை. சில மணி நேரத்தில் உடலினின்றும் நீங்கிவிடுகின்றது. நோயாளி ஆறு மணி நேரம் கறுப்புக் கண்ணாடி அணிந்து மங்கிய ஒளியில் இருக்கவேண்டும். இரண்டு நாள்வரை நேர் வெயிலைத் தவிர்க்கவேண்டும். மையர்-பெற்சின் இரண்டு மாதத் துன்பத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

இந்த மருந்து புற்றணுக்களைத் தேடிச்சென்று கொல்கின்றது என்று சிலர் எழுதுவதுண்டு. அது சரியன்று. மருந்து குருதிக் குழாய்களினுள்ளேதான் நிற்கின்றது. ஒளி பட்டதும் அங்கேயுள்ள ஒட்சிசனைத் தீவிரமான மூலிகங்களாக மாற்றுகின்றது. அம்மூலிகங்கள் குழாயின் உட்சுவரைச் சிதைக்க, குருதி உறைந்து குழாய் அடைபடுகின்றது. நீர்வாய்க்காலை அடைத்தால் பாத்தியிலுள்ள பயிர் வாடுவதுபோல, அக்குழாயை நம்பியிருந்த பகுதி முழுவதும், நல்லதும் தீயதுமாக, மடிந்துவிடுகின்றது. ஆகவே ஒளியை எங்கே பாய்ச்சுவது என்ற தீர்மானத்தில்தான் முழுத் திறமையும் இருக்கின்றது. நோயைத் தெரிந்துகொள்ளும் அறிவு மருந்துக்கு இல்லை. அது விளக்கை ஏந்தியவருக்கு இருந்தாகவேண்டும்.

இதனை நன்கு மதிப்பிடுவதற்காக ஐரோப்பாவின் பத்து நாடுகளில், 47 வைத்திய நிலையங்களில், ஒரு பெரிய பரிசோதனை நடத்தப்பட்டது. இலண்டனைச் சேர்ந்த மார்க் எம்பர்ட்டன் அதற்குத் தலைமை தாங்கினார். அபாயம் குறைந்த நோயுடைய 413 ஆண்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். 206 பேருக்கு ஒளிச் சிகிச்சை. 207 பேருக்குக் கண்காணிப்பு மட்டும். இரண்டு ஆண்டுகளின் பின் நோய் முற்றியதாகக் கருதப்பட்டோர் ஒளிப் பிரிவிலே நூற்றுக்கு 28 பேர், கண்காணிப்புப் பிரிவிலே நூற்றுக்கு 58 பேர். ஊசியால் இழையம் எடுத்துப் பார்த்தபோது புற்றுநோய் காணப்படாதவர்கள் முன்னதில் நூற்றுக்கு 49 பேர், பின்னதில் 14 பேர். பெருஞ்சிகிச்சையை நாடிச் சென்றோர் முன்னதில் 6, பின்னதில் 29. நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தபோது பின்கூறிய எண்கள் 24 என்றும் 53 என்றும் உயர்ந்திருந்தன. வேறுபாடு அப்போதும் நிலைத்திருந்தது. முதல் முடிவுகள் 2016ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்தபோது பத்திரிகைகள் இதனைப் பெரும் வெற்றியென்று கொண்டாடின. 2017 நவம்பரில் ஐரோப்பிய அதிகாரிகள் மருந்தை அங்கீகரித்தனர். ஆனால் அபாயம் குறைந்தோர் எல்லாருக்கும் அன்று. சுரப்பியின் ஒரு பக்கத்தில் மட்டும் நோயுள்ளவர்களாய், அவருள்ளும் நோயின் அளவு சற்று மிகுந்தவர்களாய் இருப்போருக்கே என்று வரம்பு கட்டினர்.

இனித்தான் வழக்குத் தொடங்குகின்றது. முற்றுதல் என்று அப்பரிசோதனையில் எண்ணப்பட்டது யாது? மரணமா? எலும்பிற் பரவுதலா? அவையும் வரையறையில் இருந்தன. ஆனால் நடைமுறையில் பெரும்பாலும் நிகழ்ந்தவை அவை அல்ல. ஊசிகளில் நோய் காணப்பட்ட இழைகளின் எண்ணிக்கை கூடுதல், ஓரிழையில் நோயின் நீளம் 5 மில்லிமீற்றரைக் கடத்தல், அணுக்களின் தோற்றம் ஒரு படி மோசமாதல், பி.எஸ்.ஏ. அளவு பத்தைத் தாண்டுதல் போன்றவையும் முற்றுதலாகவே கொள்ளப்பட்டன. இவை கருதத்தக்க அறிகுறிகளே. எனினும் அவை நோயாளியின் ஆயுளைக் குறைக்கப் போகின்றனவா என்பது வேறு கேள்வி. மேலும், தாம் எந்தப் பிரிவில் இருக்கின்றோம் என்பது நோயாளிக்கும் தெரியும், வைத்தியருக்கும் தெரியும். ஒன்றும் செய்யப்படாதவர் சிறிய மாற்றம் கண்டதும் அஞ்சிச் சத்திரசிகிச்சையை நாடுதல் இயல்பு. ஒளி பெற்றவர் ஏதோ செய்தாயிற்று என்ற ஆறுதலில் பொறுத்திருப்பார். பெருஞ்சிகிச்சைக்குச் சென்றோர் தொகையில் கண்ட வேறுபாட்டிலே ஒளியின் பங்கு எவ்வளவு, மனத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுப்பது எளிதன்று.

மறுபக்கத்துக் கணக்கும் உண்டு. கடுமையான பக்கவிளைவு கண்டவர்கள் ஒளிப் பிரிவிலே நூற்றுக்கு 30 பேர், கண்காணிப்பிலே 10 பேர். சிறுநீர் அடைபட்டுத் துன்புற்றமை அவற்றுள் முதன்மையானது. ஒளி பெற்றவருள் 15 பேருக்கு அது நேர்ந்தது. இவர்களுக்கு அது இரண்டு மாதத்துக்குள் தீர்ந்தது. ஆண்மைக் குறைவும் ஒளிப் பிரிவிலேயே மிகுதி. முழுச் சுரப்பியையும் எடுத்தலோடு ஒப்பிட்டால் இவை சிறியன. ஆனால் ஒப்பிட வேண்டியது அதனோடா, வீட்டில் நலமாக இருப்பதோடா? சத்திரசிகிச்சைக்கு எப்படியும் செல்லவிருந்த மனிதருக்கு ஒளி ஒரு வரம். ஒரு சிகிச்சையும் வேண்டாதிருந்த மனிதருக்கு அதுவே வேண்டாத துன்பம். இவ்விருவரும் வைத்தியசாலை வாசலில் நிற்கும்போது ஒரே தோற்றத்தோடுதான் நிற்கின்றார்கள்.

இங்கிலாந்தின் மருத்துவ மதிப்பீட்டு நிறுவனம் 2018 நவம்பரில் இம்மருந்தைப் பரிந்துரைக்க மறுத்தது. அமெரிக்க அதிகாரிகளுக்கு ஆலோசனை கூறும் நிபுணர் குழு 2020 பெப்ருவரியில் கூடி, பயன் தீங்கை விஞ்சுகின்றதா என்று வாக்கெடுத்தபோது, இல்லை என்றவர் 13 பேர், ஆம் என்றவர் இருவர். அவ்விருவரின் எண்ணமும் புறக்கணிக்கத்தக்கதன்று. கண்காணிப்பின் அச்சத்தைத் தாங்கமாட்டாமல் ஈற்றில் முழுச் சுரப்பியையும் இழந்துவிடும் ஆண்கள் உண்மையில் இருக்கின்றார்கள். எனினும் பதின்மூவர் பக்கமே வலுவானது என்று கொள்ளவேண்டியிருக்கின்றது. அபாயம் குறைந்தவரிடத்தே நோயை அழிப்பதற்கு முன், அழிக்க வேண்டிய நோய்தானா என்று காட்டும் கடமை மருந்தைக் கொண்டுவந்தவருக்கு உண்டு. எம்.ஆர்.ஐ. படமும், படத்தைப் பார்த்தே ஊசியைச் செலுத்தும் முறையும் பரவிய பிறகு கண்காணிப்பும் முன்னையிலும் நம்பத்தக்கதாகிவிட்டது. ஒளிக்குப் போட்டியாக நின்ற கண்காணிப்பே இதற்கிடையில் மேம்பட்டுவிட்டது.

இதனால் இந்த ஒளி அணைந்துவிடவில்லை. நியூயோர்க்கின் மெமோரியல் சுலோன் கெற்றெறிங் நிலையத்தைச் சேர்ந்தோர் தலைமையில், அபாயம் நடுத்தரமாக உள்ள ஏறக்குறைய ஐம்பது பேருக்கு இதே சிகிச்சை செய்யப்பட்டது. ஓராண்டின் பின் இழையம் எடுத்துப் பார்த்ததில் ஐந்தில் நான்கு பங்கினருக்கு, ஒளி பாய்ச்சிய பக்கத்தில், கவலைக்குரிய அணுக்கள் காணப்படவில்லை. இவர்கள் வெறுமே காத்திருக்கச் சொல்லத்தக்கவர்கள் அல்லர் என்பதால் இங்கே ஒப்பீடு நேர்மையானது. ஆனால் ஒப்பிடுவதற்கு மற்றொரு பிரிவு அதில் இருக்கவில்லை, ஓராண்டும் இந்நோய்க்குச் சிறு காலமே. மற்றொரு முயற்சி புரோஸ்டேட்டை விட்டு மேலே சென்றிருக்கின்றது. சிறுநீரகத்திலிருந்து சிறுநீரை இறக்கும் குழாயின் மேற்பகுதியில் தோன்றும் மெதுவான புற்றுகளுக்கு அதே மருந்தையும் அதே ஒளியையும் பயன்படுத்தும் பரிசோதனை தொடங்கப்பட்டது. அந்நோய்க்கு நெடுங்காலமாக இருந்துவந்த வழக்கமான சிகிச்சை, குழாயோடு சேர்த்துச் சிறுநீரகம் ஒன்றையே அகற்றிவிடுவதாகும்.